இடம் இல்லாத ஊரில் காதல்

‘ஷாரே சுவாத்தர்’ படத்தைப் பற்றி ஒரு வங்காளியிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் ஜோடியாக நடித்து வெளிவந்த முதல் படம் என்பார். அல்லது பானு பந்தோபாத்யாய் ஒரு அம்மாளிடம் மால்போ கேட்கும் காட்சியை டாக்கா வழக்கு மாறாமல் நடித்தே காட்டிவிடுவார். படம் 1953 பிப்ரவரி 20 அன்று வெளியானது. பேரன்களுக்கும் வசனம் மனப்பாடம்.

முதல் பதில் உண்மைதான். ஆனால் அதை நம்பி உட்காருகிறவருக்கு ஏமாற்றம் நிச்சயம். பின்னாளில் ‘மகாநாயகன்’ என்று கொண்டாடப்பட்ட உத்தம் குமாருக்கும், வங்கத் திரையின் பெரும் நட்சத்திரமான சுசித்ராவுக்கும் இதில் கிடைத்திருக்கும் நேரம் குறைவு. படத்தைச் சுமப்பவர்கள் வழுக்கைத் தலையும் உருளும் விழிகளுமாக வரும் துளசி சக்கரவர்த்தியும், அவருக்கு மனைவியாக நடித்த மலினா தேவியும். இளம் ஜோடி உள்ளே வருவதே பாதி விருந்தாளிகள் போலத்தான். கொல்கத்தாவில் திரைப்படம் படிக்கிற எங்களுக்கு சத்யஜித் ராயும் ரித்விக் கட்டக்கும் ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பாடம் நடத்தப்படுகிறார்கள். நிர்மல் தே இயக்கிய இந்தப் படமோ ‘ஜனரஞ்சக நகைச்சுவை’ என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் ஒரு நகரத்தின் குடியிருப்பு வரலாறே அடைபட்டுக் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்கத்தாவில் ‘அன்னபூர்ணா போர்டிங் ஹவுஸ்’. ஆண்கள் மட்டும் தங்கும் இடம். நடத்துபவர் ரஜனி பாபு. அவர் குடும்பம் கிராமத்தில். ஒருநாள் அவருடைய உறவினர் ஒருவர், இருந்த வீட்டை இழந்து, மனைவியோடும் வயதுக்கு வந்த மகள் ரமலாவோடும் வந்து நிற்கிறார். ஆண்கள் விடுதியில் ஒரு குடும்பத்தைத் தங்கவைக்கலாமா? ரஜனி பாபு போர்டர்களைக் கூட்டிப் பேசுகிறார். இளைஞர்கள் தாராள மனதோடு சம்மதிக்கிறார்கள். ஒரு முதியவர் மட்டும் முறைக்கிறார். அப்போது ஊரில் இல்லாத ராம்ப்ரீதி என்ற வசதியான இளைஞன் திரும்பி வந்ததும் ரமலாவோடு முட்டிக்கொள்கிறான்; மோதல் காதலாகிறது. விடுதி வேலையாள் மதன் வழியாகக் கடிதங்கள் போகின்றன, வருகின்றன. அப்படியொரு கடிதம் ரஜனி பாபுவின் மனைவி கையில் சிக்குகிறது. ஊரில் பிள்ளைகளோடு தனியாகக் கிடக்கும் அந்த அம்மாள், கிழவனுக்குப் பட்டணத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவுகட்டிவிடுகிறார். மிச்சத்தை ஊகிக்கலாம்.

காதல் நகைச்சுவைப் படம் எதைப் பார்த்தாலும், இங்கே காதலுக்கு எதிரி யார் என்ற கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது பயன் தரும். பணக்கார அப்பாவா, பொருத்தமில்லாத மாப்பிள்ளையா, சாதியா, காதலர்களின் வீம்பா? ‘ஷாரே சுவாத்தர்’ படத்தில் இவற்றுள் எதுவும் பெரிய தடையில்லை. ராம்ப்ரீதியிடம் பணம் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர்களும் வில்லன்கள் இல்லை. ஒரே தடை, இரண்டு பேர் தனியே நின்று நான்கு வார்த்தை பேச அந்தக் கட்டடத்தில் இடம் இல்லை. ஒவ்வொரு வாசற்படியிலும் ஒரு போர்டர் நிற்கிறான். படத்தின் ஒவ்வொரு நகைச்சுவையும் இந்த ஒரே நெருக்கடியிலிருந்துதான் பிறக்கிறது.

இது கதாசிரியரின் கற்பனை மட்டும் அல்ல. டல்ஹௌசி சதுக்கத்தின் அரசு அலுவலகங்களும் வணிக நிறுவனங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே மாவட்டங்களின் படித்த இளைஞர்களைக் குமாஸ்தாக்களாக இழுத்துக்கொண்டிருந்தன. சம்பளத்தில் குடும்பத்தைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே மனைவி மக்கள் கிராமத்தில், ஆண் நகரத்து மெஸ்ஸில். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் சியால்தாவிலும் ஹௌராவிலும் ரயிலேறி ஊருக்குப் போய், திங்கட்கிழமை காலை அலுவலகம் திரும்புவான். கல்லூரித் தெரு, ஆம்ஹர்ஸ்ட் தெரு, மிர்சாபூர் தெரு, ஹாரிசன் ரோடு வட்டாரங்களில் இந்த மெஸ் வீடுகள் நெருக்கமாக இருந்தன. ஒரே மாவட்டத்துக்காரர்கள், ஒரே சாதிக்காரர்கள் சேர்ந்து நடத்தியவை பல. சமையற்காரர் ஒருவர், வேலையாள் ஒருவர், சந்தைக் கணக்கு எழுத மாதம் ஒரு மேனேஜர். மாதக் கடைசியில் செலவைப் பங்குபோட்டுக் கொள்வார்கள்.

வங்க இலக்கியத்தின் பாதி இந்த மெஸ் கட்டில்களில் எழுதப்பட்டது என்று சொன்னால் மிகை, கால்வாசி என்றால் சண்டைக்கு வர மாட்டார்கள். ஹாரிசன் ரோடு 66ஆம் எண் பிரெசிடென்சி போர்டிங்கில் சரதிந்து பந்தோபாத்யாய் தங்கியிருந்தார். அவருடைய துப்பறிவாளர் பியோம்கேஷ் பக்‌ஷியும் நண்பர் அஜித்தும் முதல் கதையில் சந்திப்பது ஒரு மெஸ்ஸில்தான். பிரேமேந்திர மித்ரா 1945இல் தொடங்கிய கனாதா கதைகளின் மகா புளுகர், வனமாலி நஸ்கர் சந்து 72ஆம் எண் மெஸ்ஸின் மேல்மாடியில் குடியிருக்கிறார். நகைச்சுவை எழுத்தாளர் ஷிப்ராம் சக்கரவர்த்தி முக்தாராம் பாபு தெரு மெஸ் அறையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தார். துப்பறிவு, புளுகு, நகைச்சுவை மூன்றும் இங்கே செழித்ததற்குக் காரணம் உண்டு. அடுத்தவன் எப்போது வருகிறான், யாருக்குக் கடிதம் எழுதுகிறான் என்பது தெரியாமல் மெஸ்ஸில் வாழ முடியாது. ஒட்டுக்கேட்பது அங்கே ஒரு பழக்கம் கூட அல்ல, கட்டட அமைப்பு.

1947க்குப் பிறகு இந்த நெருக்கடி வேறொரு அளவுக்குப் போனது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து மேற்கு வங்கத்துக்கு வந்து சேர்ந்த அகதிகள் சுமார் 21 லட்சம். சியால்தா நடைமேடைகளில் குடும்பங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. தெற்கே ஜாதவ்பூர், டாலிகஞ்ச் பகுதிகளில் காலி நிலங்களையும் கைவிடப்பட்ட இராணுவக் கொட்டகைகளையும் ஆக்கிரமித்து அகதிக் காலனிகள் முளைத்தன. டாலிகஞ்ச் என்றால் சினிமா ஸ்டூடியோக்கள் இருந்த அதே டாலிகஞ்ச். ஸ்டூடியோக்களுக்குள்ளே பொய் வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கூப்பிடு தூரத்தில் மூங்கிலும் ஓலையும் கொண்டு நிஜ வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுக்கு 1950இல் மாநிலத்தில் தனிச் சட்டமே வந்தது. அந்த ஆண்டுகளில், ஒரு குடும்பம் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டு உறவினர் வாசலில் வந்து நிற்கிறது என்று ஒரு கதை தொடங்கினால், திரையரங்கில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படத்தில் ‘அகதி’ என்ற நிலைமை பேசப்படும் பொருளாக வரவில்லை. அது பேச்சுவழக்காக வருகிறது. போர்டர்களில் ஒருவனான கேதார் பாத்திரத்தில் வரும் பானு பந்தோபாத்யாய் 1920இல் டாக்கா பக்கத்து பிக்ரம்பூர்ப் பகுதியில் பிறந்தவர். கிழக்கு வங்க வழக்கை மேற்கு வங்கத்தார் ‘பாங்கால்’ என்று கேலி செய்வது நெடுங்காலப் பொழுதுபோக்கு. பானு அந்தக் கேலியை எடுத்துத் தன் கைச்சரக்காக்கிக்கொண்டார். ரமலாவை நெருங்க வழி தெரியாத கேதார், அவள் அம்மாவின் அடுப்படி வழியாகப் போகிறான். சித்தி முறை வைத்துக் கூப்பிட்டு, மால்போ தின்ன வேண்டும் என்று கேட்கிறான். மால்போ சர்க்கரைப் பாகில் ஊறிய பலகாரம், நம் அதிரசத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. அரங்கம் சிரித்தது காதலுக்காகச் சாப்பாட்டை ஏணியாக்கும் தந்திரத்தைப் பார்த்து மட்டுமல்ல. வீட்டை, ஊரை, அம்மா கைச் சமையலைத் தொலைத்துவிட்டு மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளும் ஒருவனின் குரலும் அதில் கேட்டது. அதே காலத்தில் அகதி வாழ்வைச் சொன்ன ‘நூதன் இஹுதி’ நாடகத்திலும், 1953இல் வெளிவந்த அதன் திரை வடிவிலும் பானு நடித்தார். ஒரே ஆண்டு, ஒரே வழக்கு, இரண்டு படங்கள். ஒன்றில் அழவைத்தது இன்னொன்றில் சிரிக்கவைத்தது.

கதை யாருடையது என்று பார்த்தால் இந்தத் தொடர்பு இன்னும் இறுகுகிறது. எழுதியவர் பிஜன் பட்டாச்சார்யா. 1943 பஞ்சத்தில் சோற்றுக்காகக் கல்கத்தா தெருக்களுக்கு வந்து மடிந்த விவசாயிகளைப் பற்றி ‘நபான்ன’ நாடகத்தை எழுதியவர் இவர்தான். 1944இல் இந்திய மக்கள் நாடக மன்றம் (இப்டா) மேடையேற்றிய அந்த நாடகம் இந்திய நவீன நாடக வரலாற்றில் ஒரு திருப்பம். பின்னாளில் கட்டக்கின் ‘மேகே டாகா தாரா’வில் அகதிக் குடும்பத்தின் தந்தையாக நடித்தவரும் இவரே. அப்படிப்பட்ட மனிதர் வயிற்றுப்பாட்டுக்காக ஒரு வெற்றுச் சிரிப்புக் கதை எழுதிக்கொடுத்தார் என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘நபான்ன’வும் இடம்பெயர்ந்து நகரத்துக்கு வந்தவர்களின் கதை, இதுவும் அதுதான். நகரம் கதவைத் திறக்குமா என்பதே இரண்டிலும் கேள்வி. முதலாவதில் திறக்கவில்லை. இரண்டாவதில், கூட்டம் போட்டு, விவாதித்து, கொஞ்சம் ஜொள்ளும் விட்டுத் திறக்கிறது.

இதற்கு நேரெதிர்ச் சாட்சியாக ரித்விக் கட்டக்கின் முதல் படம் ‘நாகரிக்’ இருக்கிறது. 1952இல் எடுக்கப்பட்டது. வேலை தேடி அலையும் இளைஞன், வாடகை கட்ட முடியாமல் படிப்படியாகக் கீழிறங்கிச் சேரிக்குப் போகும் குடும்பம். அதே நகரம், அதே ஆண்டுகள், அதே வீட்டுப் பிரச்சினை. கட்டக் 1976இல் இறந்தார். படம் 1977இல்தான் வெளியே வந்தது. கால் நூற்றாண்டு பெட்டிக்குள் கிடந்த படத்தைப் பற்றி நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோம்; அதே பிரச்சினையை லட்சக்கணக்கானோர் முன் வைத்த படத்தை விட்டுவிடுகிறோம். சிரிப்பு வந்தால் ஆழம் இருக்காது என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்ததோ.

படத்தின் தலைப்புக்கு வருவோம். ‘ஷாரே சுவாத்தர்’ என்றால் எழுபத்து நாலரை. பழைய நாட்களில் வங்காளத்தில் கடிதத்தின் மேல் 74½ என்று எழுதினால், உரியவர் தவிர வேறு யாரும் பிரிக்கக் கூடாது, பிரித்தால் பெரும் பாவம் என்று பொருள். இதன் மூலத்தைப் பற்றி ராஜஸ்தான் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் டாட் ஒரு மரபுக் கதையைப் பதிந்திருக்கிறார். 1568இல் அக்பர் சித்தூர்க் கோட்டையைப் பிடித்தபோது மாண்டவர்களின் பூணூல்களைச் சேர்த்து நிறுத்தார்களாம். எடை எழுபத்து நாலரை மணங்கு. அந்தக் கொலைப் பாவம் கடிதத்தைத் திறப்பவன் தலையில் விழட்டும் என்று ராஜஸ்தான் வணிகர்கள் தங்கள் கடிதங்களில் இந்த எண்ணைப் பொறித்தார்கள் என்கிறார் டாட். கதை வரலாறு அல்ல. வணிகர்களின் குறியீட்டுக்குப் பிற்காலத்தில் கட்டப்பட்ட விளக்கமாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு காதல் கடிதத்தின் ரகசியத்தைக் காக்க ஒரு படுகொலையின் பாவத்தையே காவலுக்கு நிறுத்த வேண்டியிருக்கிறது என்பது எவ்வளவு பெரிய வேடிக்கை. அப்படி நிறுத்தியும் பயன் இல்லை. அஞ்சல் உறைக்கு ஒரு சாபத்தைப் பூட்டலாம். மெஸ் அறைக்கு ஒரு தாழ்ப்பாள் கூட மிஞ்சவில்லை.

ஆய்வாளர் மாதவ பிரசாத் 1998இல் வெளிவந்த தமது இந்தி சினிமா நூலில் முன்வைத்த ஒரு வாதம் இங்கே நினைவுக்கு வருகிறது. இந்தியத் திரையில் முத்தத்துக்கு இருந்த எழுதப்படாத தடை வெறும் ஒழுக்கக் கூச்சம் அல்ல. ஆணும் பெண்ணும் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் தனிவெளியை அங்கீகரிக்க நம் சமூக அதிகாரம் தயங்கியதன் அடையாளம் அது என்பார். ‘ஷாரே சுவாத்தர்’ இந்தத் தயக்கத்தைக் கோட்பாடாகச் சொல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிக் காட்டுகிறது. காதலர்களை விடவும் மற்ற போர்டர்களை ஒரே ஃபிரேமில் கும்பலாக வைப்பதில்தான் நிர்மல் தேயின் காமிரா மகிழ்கிறது. ஷ்யாமள் மித்ரா, மானபேந்திர முகோபாத்யாய் போன்ற பாடகர்கள் போர்டர்களோடு சேர்ந்து திரையில் பாடும் காட்சி இதற்கு நல்ல உதாரணம். பெண்ணின் வரவைக் கொண்டாட ஒருவன் பாடவில்லை, மெஸ்ஸே பாடுகிறது. வேறொரு படத்தில் கதாநாயகனின் தனிப்பாடலாக இருந்திருக்க வேண்டியது இங்கே கூட்டு ஏக்கமாகிவிடுகிறது. பாவம் ராம்ப்ரீதி, தன் காதலைக்கூட இத்தனை பேரோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உலக அளவில் இதற்கு உறவுகள் உண்டு. ஃபிராங்க் காப்ராவின் ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ (1934) படத்தில், அறிமுகமில்லாத இருவர் ஒரே அறையில் தங்க நேரும்போது நடுவே கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால வாஷிங்டனின் வீட்டுப் பஞ்சத்தை வைத்து ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் எடுத்த ‘தி மோர் தி மெரியர்’ (1943) இன்னும் நெருக்கம்: ஒரு பெண் தன் குடியிருப்பில் பாதியை ஒரு கிழவருக்கு வாடகைக்கு விட, அவர் தன் பாதியில் பாதியை ஓர் இளைஞனுக்கு விடுகிறார். ஆனால் அமெரிக்கப் படங்களில் போர்வை கீழே விழும், சுவர் மறையும். காதலர்களுக்குக் கடைசியில் ஓர் அறை கிடைக்கும். கல்கத்தாப் படத்தில் அறை கிடைப்பது முக்கியமே இல்லை.

காரணம், முக்கியமான ஜோடி வேறு. ஸ்டான்லி கேவல் என்ற அமெரிக்க மெய்யியலாளர் 1981இல் எழுதிய நூலொன்றில் முப்பது, நாற்பதுகளின் ஹாலிவுட் நகைச்சுவைகள் சிலவற்றை ‘மறுமண நகைச்சுவை’ என்று வகைப்படுத்தினார். இளைஞர்கள் சேர்வது அவற்றின் கதை அல்ல. ஏற்கெனவே மணமானவர்கள் பிரிந்து மீண்டும் ஒருவரையொருவர் தேர்ந்துகொள்வதுதான் கதை. கேவலின் பட்டியலில் உள்ள ஜோடிகள் செல்வந்தர்கள், பிள்ளையில்லாதவர்கள், பேச்சில் வல்லவர்கள். ரஜனி பாபுவும் அவர் மனைவியும் இதில் எந்தத் தகுதியும் இல்லாதவர்கள். ஆனாலும் நான் பார்த்த வரையில் இந்த வகைக்கு இந்தியாவிலிருந்து ஓர் உதாரணம் கேட்டால் இவர்களைத்தான் காட்டுவேன். கணவன் நகரத்திலும் மனைவி கிராமத்திலுமாக வாழும் ஏற்பாட்டில் அந்தத் திருமணம் வார இறுதிச் சடங்காகச் சுருங்கிப்போயிருந்தது. தவறான கைக்குப் போன ஒரு கடிதம்தான் அந்த அம்மாளுக்குப் பொறாமைப்படும் உரிமையைத் திருப்பித் தருகிறது. இத்தனை வருடங்களுக்குப் பிறகு தன் கணவன் காதலிக்கப்படக்கூடிய ஒரு ஆள் என்று அவருக்குத் தோன்றுகிறதே, அது சாதாரண விஷயமா?

மலினா தேவி இந்தச் சந்தேகத்தைச் சிரிப்புக்காகத் தாழ்த்தவில்லை. கோபத்தின் அடியில் அடிபட்ட வலியை வைத்தே நடிக்கிறார். துளசி சக்கரவர்த்தியின் பங்கு இன்னும் நுட்பமானது. செய்யாத குற்றத்துக்குக் கூசுகிற அந்த முகத்தில், குற்றம் சாட்டப்பட்டதில் ஒரு துளி பெருமிதமும் எட்டிப்பார்க்கிறது. நூற்றுக்கணக்கான படங்களில் சிறு வேடங்களில் கரைந்துபோன நடிகர் இவர். சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) மளிகைக் கடையிலேயே பள்ளிக்கூடமும் நடத்தும் வாத்தியாராக இவரைப் பயன்படுத்தினார்; ‘பரஷ் பதர்’ (1958) படத்தில் இரும்பைப் பொன்னாக்கும் கல் கிடைத்த குமாஸ்தாவாக, படம் முழுவதையும் இவர் தோளில் ஏற்றினார். அந்தத் துணிவுக்கான முன்மாதிரி ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அன்னபூர்ணா போர்டிங்கில் இருந்தது. துளசி 1961இல் மறைந்தார்.

இளம் ஜோடியின் பாதை வேறு பக்கம் போனது. கல்கத்தா துறைமுகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்த அருண் குமார் சட்டோபாத்யாய், உத்தம் குமாராகித் தொடர்ந்து தோல்விப் படங்களைக் கொடுத்து, நிர்மல் தேயின் ‘பாசு பரிபார்’ (1952) படத்தில்தான் தலைதூக்கினார். பாப்னாவில் வளர்ந்த ரமா தாஸ்குப்தா அப்போதுதான் சுசித்ராவாகித் திரைக்கு வந்திருந்தார். இருவரையும் தெய்வங்களாக்கியது 1954 செப்டம்பரில் வந்த ‘அக்னிபரீக்‌ஷா’. அங்கிருந்து மென்மையான ஒளி, நீண்ட குளோசப், யாருமற்ற மாடி, நிலவு. ஜாதவ்பூர்ப் பேராசிரியர் மைனாக் பிஸ்வாஸ் ‘ஹாரானோ சுர்’ (1957) படத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், இந்த ஜோடி தங்களுக்கென ஒரு வெளியை உருவாக்கிக்கொள்வதை விரிவாக ஆராய்கிறார். அதை ஏற்றுக்கொண்டு நான் ஒன்றைக் கூட்டிச் சொல்வேன்: மெஸ்ஸின் கூட்டத்தைக் காமிராவுக்கு வெளியே தள்ளிய பிறகே அந்த வெளி கிடைத்தது. பானுவும் இன்னொரு நகைச்சுவை நடிகரான ஜஹர் ராயும் நகைச்சுவைப் பகுதிக்கு ஒதுக்கப்பட்டார்கள். முப்பது படங்கள் சேர்ந்து நடித்த உத்தம்-சுசித்ரா ஜோடி மறுபடி இப்படி ஒரு நெரிசலில் சிக்கவே இல்லை. எனக்கு அது இழப்பாகத்தான் படுகிறது.

இதில் தமிழுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். நாம் சொந்தமென்று நினைத்துச் சிரித்த படங்கள் சிலவற்றின் வேர் கல்கத்தாவில் இருக்கிறது. ‘மிஸ்ஸியம்மா’ (1955), ரபீந்திரநாத் மைத்ராவின் ‘மான்மயீ கேர்ள்ஸ் ஸ்கூல்’ நாடகத்திலிருந்து வந்தது. வங்காளத்தில் 1935இலேயே கானன் தேவி நடித்துப் படமாகியிருந்தது. சரத்சந்திரரைத் தெலுங்கில் மொழிபெயர்த்த சக்ரபாணி அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அஞ்சலி தேவி நடித்த ‘அடுத்த வீட்டுப் பெண்’ (1960), 1952இன் ‘பாஷேர் பாரி’யின் வழித்தோன்றல், அதே கதையே இந்தியில் ‘படோசன்’. ‘தில்லு முல்லு’ (1981) எந்த இந்திப் படத்திலிருந்து வந்தது என்பது தெரியும். அந்தக் ‘கோல்மால்’ கதை சைலேஷ் தே என்ற வங்க எழுத்தாளருடையது. அதே சைலேஷ் தே கதையாக இந்தியில் வந்த ‘பீவி அவுர் மகான்’ (1966), மனைவி இல்லாதவனுக்கு வாடகைக்கு வீடில்லை என்பதால் ஆண்கள் பெண் வேடம் போடும் கூத்து. மூன்று தமிழ்ப் படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். வேலைக்காகத் தம்பதி வேடம், சன்னலுக்குச் சன்னல் பாட்டு, வேலைக்காக மீசையை எடுத்தல். காதலை உண்டாக்குவதே வேலையின் தேவையோ வீடுகளின் நெருக்கமோதான்.

ஆனால் சென்னைக்கு வந்தபோது ஒன்று மாறியது. ‘மிஸ்ஸியம்மா’வில் ஜெமினி கணேசனுக்கும் சாவித்திரிக்கும் எஸ்.வி. ரங்காராவின் ஊரில் தங்க ஒரு வீடு கிடைக்கிறது. அவர்கள் சிக்கல் இடம் இல்லாதது அல்ல, ஒரே இடத்தை இருவருக்குமாகக் கொடுத்தது. விசாலமான வீடு, தோட்டம், நிலவு, பாட்டு. நாடகத்தின் வேலையில்லாத் திண்டாட்டம் நீர்த்துப்போய், தொலைந்த மகள் கிடைக்கும் குடும்பக் கதை மேலே வந்துவிடுகிறது. ‘ஷாரே சுவாத்தர்’ தமிழுக்கு வராததற்கும் இதில் ஒரு காரணம் இருக்கலாம். ஐம்பதுகளின் தமிழ்த் திரைக்குப் பண்ணையார் பங்களா தெரியும், ஓலைக் குடிசை தெரியும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களும் ஒண்டுக்குடித்தனங்களும் ஊர் முழுக்க இருந்தும் கதையின் மையத்துக்கு வர நாளானது.

வந்தபோது அது கே. பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ (1968) ஆக வந்தது. மேடை நாடகமாக இருந்து படமானது. பல குடித்தனங்கள் அடைந்து கிடக்கும் ஒரு வீடு, அதன் மாடிப்படிக்கு அடியில் நாகேஷின் மாது. பட்டு மாமி, கிட்டு மாமா முதல் எல்லாக் குடித்தனத்துக்கும் எடுபிடி வேலை செய்து, முறைவைத்துக் கிடைக்கும் சோற்றில் கல்லூரி படிக்கும் அநாதை. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அன்னபூர்ணா போர்டிங்கில் நான் கவனிக்காமல் விட்ட ஒருவர் தென்பட்டார். ரமலா குடும்பம் தங்கலாமா என்று கூடிய கூட்டத்தில் மாதப் பணம் கட்டும் ஒவ்வொருவருக்கும் பேச்சு உண்டு. உரிமையாளர் நடத்தும் போர்டிங்கில் அப்படிக் கூட்டம் போட வேண்டிய கட்டாயமே இல்லை. ஆனாலும் மெஸ் மரபு விடவில்லை. முறைக்கிற கிழவரையும் கேட்காமல் விடவில்லை. கேட்கப்படாதவன் மதன். நபத்வீப் ஹால்தார் நடித்த அந்த வேலையாளும் அதே கூரையின் கீழ்தான் இருக்கிறான். எல்லோருக்கும் தேநீர் கொண்டுபோகிறான், எழுபத்து நாலரையின் சாபத்தை மடியில் வைத்துக்கொண்டு மாடியேறி இறங்குகிறான், முழு ரகசியமும் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். வாக்கு மட்டும் கிடையாது. பாலசந்தரின் வீட்டில் வாக்கில்லாத அந்த ஆளுக்கே கதாநாயக வேடம் கிடைத்தது. குடித்தனக்காரர்கள் கூடித் தீர்ப்புச் சொல்வது அவனைப் பற்றியே.